வெற்றிலைச் செல்லத்தில் நாலு பேர்

சரித்திரம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சண்டையும் பட்டாபிஷேகமும்தான். எந்த ராஜா எந்த ராஜாவை எந்த ஆற்றங்கரையில் முறியடித்தான் என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நெட்டுருப் போடுகிறார்கள். ஜனங்கள் எதைத் தின்றார்கள், எதை மென்றார்கள், எதனால் மாண்டார்கள் என்று யாரும் அவர்களிடம் பரீட்சையில் கேட்பதில்லை. கேட்டால் விடை சங்கடமாக இருக்கும். வாளுக்கு இரையானவர்களை விடத் தங்கள் வாய்க்கே இரையானவர்கள் அதிகம் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இது விளையாட்டுப் பேச்சல்ல. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டதென்று சர்வதேசக் கணக்கு சொல்கிறது. உலகம் முழுவதிலும் அந்த வருஷம் அந்த நோய் கண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம்மவர்கள். வேறு எத்தனையோ விஷயங்களில் நமக்கு முதலிடம் கிடைக்கவில்லையே என்று ஏங்குகிறோம். கேட்காமலே கிடைத்த முதலிடம் இது.

இதற்குக் காரணமானவர்களைத் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம் வீட்டு வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தால் போதும். உள்ளே நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. இந்த நால்வரில் குற்றவாளி யார் என்று ஒரு நூறு வருஷமாக வழக்கு நடந்தது. துப்பறியும் கதைகளில் எனக்கு இருக்கிற ருசியினாலோ என்னவோ, அந்த வழக்கின் கட்டுகளைப் புரட்டிப் பார்த்ததில் எனக்குப் பல இரவுகள் போயின. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் எதிரிகளின் பூர்வோத்தரம். வெற்றிலையும் பாக்கும் பழைய குடித்தனக்காரர்கள். சிலப்பதிகாரத்தில், மதுரையில் இடைச்சியர் வீட்டில் கோவலன் சாப்பிட்டு எழுந்ததும் கண்ணகி அவனுக்கு வெற்றிலை பாக்கு மடித்துக் கொடுக்கிறாள். அதற்குப் பிறகுதான் அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறான், திரும்பி வரவில்லை. அவள் கையால் அவன் கடைசியாக வாங்கிக்கொண்டது தாம்பூலம். அதிலே புகையிலை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருந்திருக்கவும் முடியாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் நம் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயல்பட்டினத்து ஜனங்கள் ஓயாமல் ஓர் இலையை மென்று துப்பிக்கொண்டிருந்ததைப் பற்றி எழுதி வைத்திருக்கிறான். ஒருவனைப் பெரிதாக அவமானப்படுத்த வேண்டுமென்றால் அந்தச் சாற்றை அவன் முகத்தில் துப்புவார்களாம். 1443இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் இன்னும் ஒரு படி மேலே போனார். அரசருடைய அந்தப்புரம் அவ்வளவு பெரிதாக இருப்பதற்கு இந்த இலையின் மகிமையே காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். ஆக, வந்தவர்கள் எல்லாரும் வெற்றிலையைப் புகழ்ந்தோ வியந்தோ எழுதினார்கள். வியாதி வரும் என்று ஒருவரும் எழுதவில்லை.

நாலாவது ஆசாமியாகிய புகையிலை அன்னியன். அமெரிக்காவில் பிறந்தது, போர்த்துகீசியர்களின் கப்பலில் ஏறி நம் நாட்டுக்கு வந்தது. 1604ஆம் வருஷத்தை ஒட்டி அசத் பேக் என்பவர் பீஜப்பூரிலிருந்து அதைக் கொண்டுபோய் அக்பர் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாக வைத்தார். பதின்மூன்று வருஷம் கழித்து, 1617இல், அவருடைய பிள்ளை ஜஹாங்கீர் புகை பிடிக்கக் கூடாதென்று உத்தரவு போட்டார். உத்தரவு ஏட்டில் இருந்தது. புகையிலை ஊரெல்லாம் பரவியது. இது நமக்குப் புதிய அனுபவமல்லவே!

வந்து நானூறு வருஷத்துக்குச் சற்று மேலே ஆன இந்தப் புகையிலை, தாம்பூலத் தட்டில் ஏறி உட்கார்ந்ததும் என்ன செய்தது தெரியுமா? வெற்றிலைக்கும் பாக்குக்கும் இருந்த ஆயிரக்கணக்கான வருஷத்துக் கௌரவத்தைத் தானும் போர்த்திக்கொண்டது. பழைய குடும்பத்தில் பெண் எடுத்த புதுப் பணக்காரன், அந்தக் குடும்பத்துப் பெருமைகளைத் தன்னுடையதாகச் சொல்லிக்கொண்டு திரிவது போல. யாழ்ப்பாணத்திலும் வேதாரண்யத்திலும் மெல்லுகிற புகையிலை பயிராகித் திருவாங்கூருக்குக் கப்பலிலும் தோணியிலும் போயிற்று. "நம் முன்னோர்கள் போடாததா?" என்று கேட்கிற தாத்தாக்கள், எந்த முன்னோர்கள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

வழக்கு முதன்முதலில் பதிவானது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சென்னைப் பெரியாஸ்பத்திரியில் ரண சிகிச்சை வைத்தியராக இருந்த நிப்லாக் என்ற வெள்ளைக்காரர், இந்தியாவில் புற்றுநோய் என்பதைப் பற்றி 1902இல் ஒரு வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். கன்னத்தின் உட்புறத்தில் வரும் நோய் இங்கே இவ்வளவு அதிகமாக இருப்பதற்கும் வெற்றிலை போடுவதற்கும் சம்பந்தம் உண்டு என்பது அவர் கருத்து.

ஆனால் வழக்கின் முக்கியமான விசாரணை நடந்த இடம் சென்னை அல்ல, நெய்யூர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர், 1956 வரை திருவாங்கூரோடு சேர்ந்திருந்தது. அங்கே லண்டன் மிஷன்காரர்கள் ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார்கள். அங்கே வேலை பார்த்த பெந்தால் என்ற டாக்டர், தாம் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908இல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். அதே வருஷம் ஃபெல்ஸ் என்பவர், வாய்ப் புற்றுக்கென்றே செய்த 209 ஆபரேஷன்களின் விவரத்தை அதே பத்திரிகையில் வெளியிட்டார். லண்டனில் அதைப் படித்த வைத்தியர்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் ஊரில் வாய்ப் புற்று பெரும்பாலும் நாக்கிலும் நாக்கின் அடியிலும் வரும். இங்கேயோ கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில். அந்தப் பள்ளத்தில் நம்மவர்கள் எதை அடக்கி வைக்கிறார்கள் என்பது லண்டன்காரர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

நெய்யூர்க் கதையில் ஒரு விசித்திரமான மனிதர் வருகிறார். சாமர்வெல் என்று பெயர். எவரெஸ்ட் சிகரத்தில் ஏறப் போன ஆங்கிலேயர்களில் ஒருவர். 1922ஆம் வருஷத்துப் பயணத்தில் பனிச்சரிவில் ஏழு சுமைக்காரர்கள் மாண்டார்கள். சிகரத்தை எட்ட முடியவில்லை. ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாமென்று புறப்பட்டவர் நெய்யூருக்கு வந்தார். அங்கே காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தையும், அதைச் சமாளிக்க முடியாமல் திணறிய டாக்டரையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த உத்தியோகத்தை உதறிவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். 1924இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போனார். ஏறக்குறைய 28,000 அடி உயரத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு, மூச்சுவிட முடியாமல், இறங்கும் வழியில் செத்துவிட்டோம் என்றே உட்கார்ந்துவிட்டார். கடைசி முயற்சியாக நெஞ்சை அழுத்தி இருமியதும், தொண்டையின் உட்சவ்வே பிய்ந்து வெளியே வந்ததாம். பிழைத்தார். அந்த மனிதர்தான் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் தென்கோடித் தமிழர்களுடைய வாயையும் கன்னத்தையும் அறுத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் வேலூரில் மாணவர்களுக்கு ரண சிகிச்சை கற்பித்தார். இந்தச் சம்பவத்தை நான் நாவலில் எழுதியிருந்தால் வாசகர்கள் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். சரித்திரம் எழுதினால் நம்புகிறார்கள்.

சாமர்வெல்லோடு நெய்யூரில் இருந்த ஆர் என்ற டாக்டர், 1933இல் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப் புற்றைப் பற்றி விரிவாக எழுதினார். இப்படி நெய்யூர் வைத்தியர்கள் கால் நூற்றாண்டாகச் சேர்த்த சாட்சியம் பலமாகத்தான் இருந்தது. ஆனால் கோர்ட்டில் ஒரு சிக்கல். நாலு பேரும் ஒரே செல்லத்தில், ஒரே மடிப்பில் வருகிறார்கள். யார் குத்தினான், யார் கையைப் பிடித்துக்கொண்டான் என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

இதற்கிடையில் சென்னையில் வேறொரு காரியம் நடந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்துபோனார். அந்தத் துக்கம் அவரை விடவில்லை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஐந்து வருஷம் கழித்து, 1952இல், நேரு வந்து அடையாற்றில் அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954ஆம் வருஷம் ஜூன் 18ஆம் தேதி, பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்தது. சாகப் போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டவர்கள் அந்நாளில் உண்டு. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு வருஷம் அங்கே வந்து சேர்ந்து 2021இல் காலமாகும்வரை அந்த இடத்தை விட்டுப் போகாத டாக்டர் சாந்தாவும் சேர்ந்து, வாய்ப் புற்றின் காரணங்களை ஆராய்ந்து 1959இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அது முதல் இந்த வழக்கை நம்மவர்களே நடத்தினார்கள்.

நிற்க. கட்டுரைகளையும் கணக்குகளையும் பற்றியே சொல்லிக்கொண்டு போனால், இந்த நோய் எங்கேயோ புத்தகத்தில் இருப்பதாகத் தோன்றிவிடும். அது இருக்கிற இடம் வேறு.

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற சாலையில் இருக்கிறது குமராட்சி. தெற்கே கொள்ளிடம். சாலையோடு இன்னும் போனால் வீராணத்து ஏரி. நடவுக் காலத்தில் அந்தப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டின தூரம் சேறும் பச்சையும்தான். எனக்கு வேண்டியவர்கள் அங்கே இருப்பதால் நான் போய் வருவதுண்டு. ஒரு தடவை நடவு நடந்துகொண்டிருந்தபோது வரப்பில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் கரையேறி, இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார்கள். வயதான ஒருத்திக்கு இடது கன்னம் புடைத்திருந்தது.

"கன்னத்துல என்ன ஆயா வீக்கம்?" என்று கேட்டேன்.

"வீக்கம் ஏது தம்பி? பொகயில அடக்கி வெச்சிருக்கேன்" என்று சிரித்தாள்.

"எந்நேரமுமா?"

"ராவுலயும்தான். அது இல்லாட்டி தூக்கம் ஏது? அத அடக்கிக்கிட்டா பசி தெரியாது, பல்லுவலி தெரியாது, குனிஞ்சு நடுறப்போ இடுப்பு நோவும் தெரியாது."

"வாய் எரியலியா?"

"காரம் பட்டா எரியுது. அதான் மொளகாய நிறுத்திட்டேன்."

அவள் புத்தியில்லாமல் பேசினாள் என்று நினைக்கக் கூடாது. அவளுக்குத் தெரிந்த அளவில் அது சரியான வைத்தியம்தான். எரிவது மிளகாயினால், ஆகவே மிளகாயை விட்டாள். புகையிலை அவளுக்குச் சோறும் மருந்தும் துணையுமாக இருந்தது. காலையில் கஞ்சி தாமதமானால் அது பசியை ஆற்றியது. கூலியோடு வெற்றிலை பாக்கு புகையிலை கொடுப்பது பெரிய மனசு என்று அவளைப் பெற்றவளும் நினைத்தாள், கொடுத்தவர்களும் நினைத்தார்கள். பசியை அடக்கச் சோறு கொடுப்பதை விடப் புகையிலை கொடுப்பது மலிவு என்பது யார் வாயிலிருந்தும் வரவில்லை.

அடுத்த முறை நான் போனபோது அவள் முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பல் ஆடுகிறதென்று யாரோ ஒருவரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டாளாம். அந்தப் புண் ஆறவில்லையாம். மூன்று மாதம் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவியிருக்கிறார்கள். பேத்தியின் கல்யாணம் முடியட்டும் என்று அவளே இன்னும் இரண்டு மாதம் ஒத்திப் போட்டிருக்கிறாள். கல்யாண வீட்டில் இந்த வியாதியின் பெயரை யார் சொல்வார்கள்? பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கத்தி வைக்க இடமில்லாமல் பரவிவிட்டது. அறுவடைக்கு அவள் இல்லை.

அவளைப் போல எத்தனை பேர் என்பதற்குச் சிதம்பரத்திலேயே கணக்கு இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரிக்கு 1991 முதல் 2003 வரை வந்த வாய்ப் புற்று நோயாளிகள் 388 பேரையும், அதே வயதும் பாலும் உள்ள, நோயில்லாத 388 பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார்கள். அதன் முடிவு 2007இல் வெளியாயிற்று. மெல்லுவது, புகைப்பது, குடிப்பது, படிப்பு, சாப்பாடு, பல் துலக்கும் வழக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்கள். மெல்லும் பழக்கமும் புகையும் குடியும் ஆபத்தைக் கூட்டின. இவை ஒன்றோடொன்று சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது என்பது உலகெங்கும் கண்ட உண்மை. இவற்றோடு வறுமையும் எழுத்தறிவின்மையும் கூடவே நடந்து வருகின்றன. நோய்க்கு ஜாதி தெரியாது என்பார்கள். ஆனால் யாருக்குப் பசி, யார் வீடு ஆஸ்பத்திரிக்குத் தூரம் என்பது மட்டும் அதற்கு நன்றாகத் தெரிகிறது.

இனி வழக்குக்குத் திரும்புவோம். பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று ஒரு சர்வதேச ஸ்தாபனம் இருக்கிறது. உலகத்து ஆராய்ச்சிகளையெல்லாம் சேர்த்துப் படித்து, எது புற்றுநோயைத் தரும், எது தராது என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலை. 1985இல் அது வெளியிட்ட தீர்ப்பு: புகையிலை சேர்த்த தாம்பூலம் புற்றுநோயைத் தருகிறது, சந்தேகமில்லை. புகையிலை இல்லாத தாம்பூலத்தின் மேல் குற்றம் சாட்டச் சாட்சியம் போதவில்லை.

தாம்பூலப் பிரியர்கள் பெருமூச்சு விட்டார்கள். குற்றவாளி அன்னியன்தான், நம் வீட்டுப் பழைய மனிதர்கள் மேல் களங்கமில்லை! எனக்கும் அந்த முடிவு பிடித்துத்தான் இருந்தது. கதையாக இருந்தால் அங்கேயே முடித்திருப்பேன்.

ஆனால் புதுச் சாட்சிகள் வந்தார்கள். தைவான் தீவில் பாக்கு மெல்லுகிறார்கள். அதில் புகையிலை சேர்ப்பதில்லை. அங்கேயும் வாய்ப் புற்று மிகுதி. இன்னொரு சாட்சி நமக்கு நெருங்கிய உறவு. 1860ஆம் வருஷம் நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. அதற்குப் பின் போன கப்பல்களிலும் தமிழர்கள் ஏராளம். ஊரை விட்டார்கள், உறவை விட்டார்கள், பாஷையைக்கூடப் பேரப் பிள்ளைகள் மறந்தார்கள். பாக்கை மட்டும் மறக்கவில்லை. அந்தச் சமூகத்துப் பெண்கள் பெரும்பாலும் புகையிலை இல்லாமல்தான் பாக்கு மெல்லுகிறார்கள். அவர்களுக்கும் கன்னத்தில் அதே நோய் வந்தது. டர்பன் நகரத்து வைத்தியர்கள் 1993இல் அதை எழுதினார்கள்.

2003இல் லியோன் நகரத்தில் மறு விசாரணை நடந்தது. மறு வருஷம் தீர்ப்பு அச்சாயிற்று. புகையிலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாம்பூலம் புற்றுநோயைத் தரும். பாக்கு தன்னந்தனியாகவே தரும். பாக்கிலுள்ள சத்து கன்னத்தின் உட்சதையை நாராக இறுகச் செய்கிறது. காரம் எரியும், நாளாவட்டத்தில் வாய் திறப்பது குறுகி, இரண்டு விரல் நுழையவும் இடமில்லாமல் போகும். பம்பாய்ப் பக்கத்து டாக்டர் ஜோஷி 1953இலேயே இந்தக் கோளாறை வர்ணித்திருக்கிறார். சுண்ணாம்பு அந்தச் சத்துக்களைக் கிளப்பிவிட்டு உட்தோலையும் அரிக்கிறது. நால்வரில் வெற்றிலை ஒன்றுதான் தனியாக நிறுத்திப் பார்த்தால் குற்றமற்றதாகத் தெரிகிறது. சகவாச தோஷம்!

பழமை ஒரு பொருளுக்குப் பெருமை தரலாம்; நிரபராதி என்று சீட்டுத் தராது. ஆயிரக்கணக்கான வருஷம் நம்மோடு வாழ்ந்த பாக்கு இதை ஏன் யாருக்கும் காட்டிக்கொடுக்கவில்லை? காரணம் எளிது. இந்த நோய் முற்ற இருபது முப்பது வருஷம் பிடிக்கும். ஐம்பது வயதைக் காண்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், மெல்லத் தொடங்கியவர்களை அம்மையும் பேதியும் முந்திக்கொண்டு கொண்டுபோயின. நம் ஆயுள் நீண்ட பிறகுதான் பாக்கின் கணக்கு நமக்குத் தெரிந்தது.

இப்போது சுருக்குப் பையின் இடத்தைப் பளபளக்கும் காகிதப் பொட்டலம் பிடித்துவிட்டது. பாக்கும் புகையிலையும் வாசனையும் சேர்த்து அடைத்த குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013இல் தடை விதித்தார்கள். அந்தத் தடை கோர்ட்டுகளில் ஏறி இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பாட்டி ஐம்பது வயதில் கண்ட நோயைப் பேரன் முப்பதில் காண்கிறான். ஜஹாங்கீர் காலம் முதல் உத்தரவுக்கும் வாய்க்கும் உள்ள தூரம் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் இந்தச் சரித்திரத்தில் நல்ல செய்தியும் உண்டு. திருவனந்தபுரம் பக்கத்தில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களைக் கொண்டு ஒரு பரீட்சை செய்தார்கள். சில ஊர்களில் பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள்; மற்ற ஊர்களில் பார்க்கவில்லை. 2005இல் முடிவு வெளியாயிற்று. பார்த்த ஊர்களில், புகையிலையோ குடியோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றினால் வந்த சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெரிய யந்திரம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒரு விளக்கு, இரண்டு கண்கள்.

மற்ற புற்றுகளில் பல உடம்புக்குள் ஒளிந்திருக்கும். இது வாயைத் திறந்தால் தெரியும் இடத்தில் இருக்கிறது. வெள்ளைத் திட்டு, செந்நிறத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாய் திறப்பதில் சிரமம்: இவற்றில் எது இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அப்போதே காட்டினால் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம். வலிக்கிற வரை காத்திருந்தால் நாள் தப்பிவிடும்; ஏனென்றால் இது ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

கல்யாணத்தில் தாம்பூலம் மாற்றுவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஒருவரை மதித்தோம் என்பதற்கு அது அடையாளம். தட்டில் இருக்கிறவரை அதனால் யாருக்கும் தீங்கில்லை. வாய்க்குப் போவதுதான் வேறு விஷயம். உங்கள் வீட்டிலோ, உங்கள் வயலிலோ, உங்கள் வாசலைப் பெருக்குகிறவர்களிலோ கன்னத்தில் ஒன்றை அடக்கி வைத்திருக்கிறவர்கள் ஒருவராவது இருப்பார்கள். காரம் எரிகிறதா என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். எரிகிறது என்றால், வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லுங்கள்.